அடிச்சது, சேர்த்தது, ஆதாரம்: வெப் பக்கத்துல திருத்தம் காட்டுறது பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

பெங்களூர்ல தமிழ்ல வெப் பக்கம் நடத்துறவங்க நெறைய பேர் இருக்காங்க, அபார்ட்மென்ட் சங்கம், சனிக்கிழமை தமிழ் வகுப்பு, கோயில் கமிட்டி, ஏரியா வரலாறு எழுதுற ஆர்வலர்கள்னு. பாதிப் பேர் பகல்ல ஐடி வேலை, ராத்திரி இந்த வேலை. பக்கத்துல ஏற்கனவே போட்டத மாத்தும்போது அத எப்படி காட்டுறது, எங்க இருந்து எடுத்தோம்னு எப்படி சொல்றதுன்னு இவங்க திரும்பத் திரும்ப கேக்குறத எல்லாம் இங்க ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். டேக்னா எழுத்த சுத்தி போடுற குறி, வெப் பக்கம் எழுதுற ஹெச்டிஎம்எல் மொழில வர்றது. டேக் பேரெல்லாம் தமிழ் எழுத்துல தான் இருக்கும், எடிட்டர்ல ஆங்கிலத்துல அடிச்சுக்கோங்க. இன்னொண்ணு, இந்தப் பக்கம் முழுக்க "சைட்"னு வந்தா அது ஆங்கிலத்துல சி எழுத்துல ஆரம்பிக்கிற, ஆதாரம் காட்டுற சைட் தான், வெப்சைட் இல்ல.

டெல், இன்ஸ் இது ரெண்டும் என்ன பண்ணுது?

டெலீட், இன்சர்ட் ரெண்டோட முதல் மூணு எழுத்து தான் பேர். டெல்னா இந்த எழுத்து முன்னாடி இருந்துச்சு இப்ப எடுத்தாச்சு, இன்ஸ்னா இது அப்புறமா சேர்த்தது. அவ்ளோ தான். 1997 டிசம்பர்ல வந்த ஹெச்டிஎம்எல் 4லயே ரெண்டும் இருக்கு, அதுல குடுத்திருந்த உதாரணமே ஒரு ஷெரிஃப் எத்தன டெபுடி வெச்சுக்கலாம்ங்கறதுல 3ஐ அடிச்சு 5ன்னு போடுறது தான். பிரவுசர் டெல்லுக்கு நடுவுல கோடு போடும், இன்ஸுக்கு அடியில கோடு போடும். ஒரு வார்த்தைக்கும் போடலாம், முழு பாராவையும் சுத்தியும் போடலாம். ஆனா ஒரு பாராவோட நடுவுல ஆரம்பிச்சு அடுத்த பாராவோட நடுவுல முடிக்கிற மாதிரி போடாதீங்க, ரெண்டு பாராவுக்கும் தனித்தனியா திறந்து தனித்தனியா மூடுங்க.

எஸ் டேக்கும் கோடு தானே போடுது, எதுக்கு டெல்?

கண்ணுக்கு ஒண்ணு தான், அர்த்தம் வேற. எஸ் டேக் "இது இப்ப செல்லாது"ன்னு சொல்றதுக்கு. வகுப்பு ஃபீஸ் ₹800ல இருந்து ₹600க்கு குறைச்சிட்டீங்க, பழைய விலைய அடிச்சுக் காட்டி ஆள் சேர்க்கணும், அப்போ எஸ். அந்த ₹800 தப்பு இல்ல, அன்னைக்கு அது சரியான விலை. ஆனா ஃபீஸ் ஆரம்பத்துல இருந்தே ₹600, டைப் பண்ணவர் ₹800னு போட்டுட்டார், அத திருத்துறீங்கன்னா டெல்லும் இன்ஸும். ஸ்ட்ரைக்னு ஒரு பழைய டேக் இருக்கு, அது ஹெச்டிஎம்எல் 5லயே காலாவதி, அத விட்டுடுங்க.

எடிட்டர்ல இருக்கிற கோடு போடுற பட்டனையும் நம்பிடாதீங்க. வேர்ட்பிரஸ்ஸோட புது பிளாக் எடிட்டர்ல அந்த பட்டன் அமுக்கினா வர்றது எஸ் தான். பழைய கிளாசிக் எடிட்டர்ல டெக்ஸ்ட் பக்கம் போனீங்கன்னா டெல், இன்ஸ்னு தனியா பட்டனே இருக்கும், நேரத்தையும் அதுவே போட்டுக்கும்.

ஒரு முழு உதாரணம் காட்டுங்களேன்.

அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலைய எடுத்துக்கலாம். 1991ல வெச்சு, திறக்க முடியாம 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தாங்க, கருணாநிதி வந்திருந்தார், எடியூரப்பா அப்போ கர்நாடக முதலமைச்சர். நாலு நாள் கழிச்சு 13ஆம் தேதி சென்னையில கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்தாங்க. இப்போ உங்க ஏரியா வரலாறு பக்கத்துல "2008ல திறக்கப்பட்டது"ன்னு இருக்குன்னு வெச்சுக்கோங்க. திருத்துனா உள்ள இப்படி இருக்கும்:

சிலை <டெல்>2008ல்</டெல்> <இன்ஸ்>2009 ஆகஸ்ட் 9 அன்று</இன்ஸ்> திறக்கப்பட்டது.

ரெண்டு டேக்குக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் இருக்கு பாருங்க, அத கண்டிப்பா விடணும். ஆர்எஸ்எஸ் ரீடர் (பல தளத்தோட புதுப் பதிவ ஒரே இடத்துல காட்டுற ஆப்), மெயில், காப்பி பேஸ்ட் எல்லாத்துலயும் டேக் உதிர்ந்து போயி வெறும் எழுத்து மட்டும் மிஞ்சலாம், அப்போ ஸ்பேஸ் இல்லன்னா ரெண்டு வருஷமும் ஒட்டிக்கிட்டு "2008ல்2009"னு நிக்கும். ஃபீஸ் விஷயத்துல இது இன்னும் மோசம், ₹800ம் 600ம் ஒட்டுனா ₹800600.

டேக்குக்குள்ள ரெண்டு ஆட்ரிபியூட், அதாவது கூடுதல் தகவல், சேர்த்துக்கலாம். எப்ப மாத்துனோம்னு சொல்ல டேட்டைம், ஏன் மாத்துனோம்னு விளக்கம் இருக்கிற பக்கத்தோட முகவரிய குடுக்க சைட்.

சைட் ஆட்ரிபியூட் வேற, சைட் டேக் வேறயா?

வேற வேற. ஆட்ரிபியூட் போட்டுக்குற இடம் நாலு தான்: டெல், இன்ஸ், அப்புறம் மேற்கோள் காட்டுற டேக்கான பிளாக்கோட், கியூ. அதுக்குள்ள முகவரி மட்டும் தான் வரணும், "தினசரி, ஆகஸ்ட் 10, பக்கம் 3"ன்னு எழுத்தா எழுதுனா தப்பு.

இதுல யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. பிளாக்கோட், கியூ ரெண்டுலயும் சைட்னா அந்த மேற்கோள் எங்க இருந்து எடுத்ததுன்னு அர்த்தம். டெல், இன்ஸ்ல அப்படி இல்ல, அங்க சைட்னா அந்த மாத்தத்த விளக்குற டாக்குமென்ட். அதாவது சிலை உதாரணத்துல நேரா பத்திரிகை செய்திக்கு லிங்க் குடுக்கறத விட, "வாசகர் ஒருத்தர் சொன்னாரு, பழைய செய்திய எடுத்துப் பார்த்தோம், தேதிய மாத்துனோம்"னு உங்க திருத்தக் குறிப்புல ரெண்டு வரி எழுதி, அந்த வரிக்கு லிங்க் குடுக்கறது தான் சரி, பத்திரிகை லிங்க் அந்தக் குறிப்புக்குள்ள இருக்கட்டும். அந்த டாக்குமென்ட் மீட்டிங் மினிட்ஸ் மாதிரி நீளமா இருந்தா, எந்த இடத்துல அந்தப் பேச்சு வருதோ அந்த இடத்துக்கே ஹேஷ் போட்டு கொண்டு போய் விடுங்கன்னு ஹெச்டிஎம்எல் ஸ்டாண்டர்டே சொல்லுது. மினிட்ஸ் பிடிஎஃப்பா இருந்தா முகவரி கடைசில ஹேஷ் போட்டு பேஜ் சமம் 5ன்னு ஆங்கிலத்துல குடுத்தா குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் அஞ்சாம் பக்கத்துலயே திறக்கும்.

சைட் டேக் ஒரு படைப்போட பேர காட்டறதுக்கு, புத்தகம், படம், கட்டுரைத் தலைப்பு இப்படி. ஆள் பேருக்கு போடலாமாங்கறதுல வெப் ஸ்டாண்டர்ட் எழுதுற டபிள்யூ3சி, வாட்விஜி ரெண்டு அமைப்புக்கும் ஒரு பழைய சண்டை இருக்கு. 2014ல டபிள்யூ3சி வெளியிட்ட ஹெச்டிஎம்எல் 5 ஆசிரியர் பேரையும் விட்டுச்சு, வாட்விஜி ஸ்டாண்டர்ட் ஆள் பேர் படைப்போட தலைப்பு இல்ல, போடாதன்னு சொல்லுது. 2019ல ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்டு வாட்விஜியோடது தான் ஒரே ஸ்டாண்டர்ட்னு முடிவாச்சு, அதனால ஆள் பேருக்கு போடாம விடறது தான் நல்லது.

சைட், டேட்டைம் எல்லாம் போட்டேன், பக்கத்துல ஒண்ணுமே தெரியலயே?

தெரியாது. பிரவுசர் அத காட்டாது, கிளிக் பண்ணவும் முடியாது. மவுஸ கொண்டு போய் வெச்சாலும் ஒண்ணும் வராது. ஸ்டாண்டர்ட்லயே இது முக்கியமா உள்வேலைக்கு, ஒரு தளத்துல எத்தன திருத்தம் நடந்துச்சுன்னு ஸ்கிரிப்ட் போட்டு எண்ணுறது மாதிரி, படிக்கிறவங்களுக்கு இல்லன்னு எழுதியிருக்கு. இந்தப் பக்கம் முழுக்க நான் ஒரே ஒரு விஷயத்த அழுத்தி சொல்லணும்னா அது இது தான்: ஆட்ரிபியூட்ல போட்ட ஆதாரம் வாசகருக்குப் போட்ட ஆதாரம் ஆகாது. "திருத்தம்: 2025 மார்ச் 5, தேதி மாற்றப்பட்டது, விளக்கம் இங்கே"ன்னு கண்ணுக்குத் தெரியற வரி ஒண்ணு, சாதாரண லிங்க்கோட, கண்டிப்பா வேணும். ஆட்ரிபியூட் அதுக்கு மேல போடறது.

சிஎஸ்எஸ்ல, அதாவது பக்கத்தோட தோற்றத்த சொல்ற மொழில, ஆட்டர் ஃபங்ஷன் வெச்சு டேட்டைம இன்ஸுக்கு பின்னாடி காட்டலாம்தான், சிலர் அப்படி பண்றாங்க. ஆனா அப்படி வர்ற எழுத்த செலக்ட் பண்ண முடியாது, காப்பி ஆகாது, லிங்க்காவும் ஆகாது. எனக்கு அது பிடிக்கல.

எங்க சங்கத்தோட பைலாவ திருத்திட்டோம். பழசு புதுசு ரெண்டையும் எப்படி காட்டுறது?

இதுக்கு நாம புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம். அவென்யூ ரோட்டுல ஏதாவது புத்தகக் கடையில அரசியலமைப்புச் சட்டத்தோட பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாம சட்டம் மட்டும் இருக்கிற புத்தகம்) ஒண்ணு வாங்கி முகப்புரைய திறந்து பாருங்க. "இறையாண்மை, சமதர்ம, சமயச்சார்பற்ற, மக்களாட்சிக் குடியரசு"ங்கற இடத்துல சதுர அடைப்புக்குறி, முன்னாடி குட்டியா 1ன்னு நம்பர். அடியில போனா: 42ஆவது திருத்தச் சட்டம் 1976, பிரிவு 2ஆல், "இறையாண்மை மக்களாட்சிக் குடியரசு" என்பதற்குப் பதிலாக வைக்கப்பட்டது, 3-1-1977 முதல் அமல். அதே முகப்புரையில "நாட்டின் ஒற்றுமை"ங்கறது "நாட்டின் ஒற்றுமை, ஒருமைப்பாடு"ன்னு ஆனதுக்கும் அதே மாதிரி ஒரு அடிக்குறிப்பு இருக்கும். ஒரே வரியில நாலு விஷயம் வந்துடுச்சு பாருங்க. எது வந்துச்சு, எது போச்சு, யாரோட அதிகாரத்துல, எந்தத் தேதில இருந்து. கோடு கிடையாது, கலர் கிடையாது, ஜெராக்ஸ் எடுத்தாலும் அழியாது.

வெப்ல இதையே பண்ணணும்னா, படிக்கிற வரி சுத்தமா இருக்கணும், அதுல இன்ஸ் மட்டும், பக்கத்துல குட்டி நம்பர் லிங்க். பக்கத்தோட அடியில குறிப்பு, அதுல பழைய வாசகம் டெல்லுக்குள்ள, எந்தப் பொதுக்குழு, எந்தத் தீர்மானம், எப்ப இருந்து அமல், மினிட்ஸுக்கு லிங்க். ஹெச்டிஎம்எல்ல அடிக்குறிப்புக்குன்னு தனி டேக் கிடையாது, ஐடி குடுத்து போக ஒரு லிங்க் வர ஒரு லிங்க்னு தான் பண்ணணும்.

ஆனா பொதுக்குழுவுக்கு முன்னாடி உறுப்பினர்களுக்கு வரைவு காட்டுறீங்கன்னா அது வேற கதை. அப்போ பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல கோடு போட்டே காட்டுங்க, ஏன்னா ஓட்டுப் போடறவருக்கு என்ன மாறுதுன்னு தான் தெரியணும். ஓட்டு முடிஞ்சப்புறம் படிக்கிறவருக்கு இப்ப என்ன விதின்னு தெரிஞ்சா போதும், அவர போய் பத்து கோடு அடிச்ச வரிக்கு நடுவுல பார்க்கிங் விதிய தேட வெச்சா திட்டுவாரு.

தேதி குழப்பம் இங்க நெறைய வருது. பொதுக்குழு ஜூன் 15, அமல் ஜூலை 1, பக்கத்த மாத்துனது ஜூன் 20ன்னா டேட்டைம்ல எது? அது டாக்குமென்ட்ல மாத்தம் நடந்த நேரம், அதனால நான் ஜூன் 20 தான் போடுவேன். மத்த ரெண்டும் குறிப்புல எழுத்தா வரட்டும், மெஷினுக்கும் தெரியணும்னா அந்தத் தேதிங்கள டைம் டேக்குக்குள்ள வைங்க.

டேட்டைம் எந்த ஃபார்மட்டுல எழுதணும்?

வருஷம், மாசம், நாள், நடுவுல சின்னக் கோடு. 2025-03-05. இது மட்டும் போதும். நேரமும் வேணும்னா டைம் ஸோனும் கண்டிப்பா சேர்க்கணும்: 2025-03-05 00:30+05:30. நடுவுல ஸ்பேஸுக்கு பதிலா ஆங்கில டி எழுத்து போடறது தான் அதிகம் பாக்கறது, ரெண்டும் செல்லும். நேரம் போட்டு ஸோன் போடாம விட்டா டெல், இன்ஸ்ல அது செல்லாத மதிப்பு. "05-03-2025"னு நம்ம ஊர் வழக்கத்துல எழுதுனாலும் செல்லாது.

மேல இருக்கிற நேரம் நம்ம ஊர்ல மார்ச் 5 ராத்திரி 12:30. யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, அது மார்ச் 4 சாயந்திரம் 19:00. கிளாசிக் எடிட்டர் பட்டன் யுடிசில தான் போடும், அதனால ராத்திரி உக்காந்து திருத்துறவங்க, அதாவது நம்மள்ல முக்காவாசி பேர், தேதி ஒரு நாள் முன்னாடி காட்டுதுன்னு பயப்பட வேணாம். நேரம் சரி தான், எழுதுற கணக்கு தான் வேற.

சின்ன எழுத்துப்பிழைக்கு எல்லாம் டெல் போடணுமா?

வேணாம். ஒற்று விட்டுப் போச்சு, ரகர றகரம் மாறிடுச்சு, சத்தமில்லாம திருத்திட்டு போங்க. தேதி, தொகை, ஆள் பேர், இடம், யார் என்ன சொன்னாங்கங்கறது, இதுல கை வெச்சா காட்டணும். ஏற்கனவே படிச்சவர் அத நம்பி ஏதாவது பண்ணிருக்க வாய்ப்பு உண்டான்னு கேட்டுக்கோங்க, உண்டுன்னா காட்டுங்க. கட்டுரையோட முடிவே மாறிடுச்சுன்னா வரி வரியா கோடு போடறதுல அர்த்தமில்ல, மேல ஒரு பெட்டி கட்டி என்ன மாறிச்சுன்னு எழுதிட்டு உள்ள புதுசா எழுதிடுங்க.

ஒருத்தரோட போன் நம்பர தெரியாம போட்டுட்டோம். டெல் போட்டா போதுமா?

ஐயோ, போதாது. டெல் மறைக்கிறது இல்ல, கோடு போட்டுக் காட்டுறது, நம்பர் அப்படியே படிக்கலாம், தேடுனா கிடைக்கும், டயலும் பண்ணலாம். சிஎஸ்எஸ்ல டிஸ்ப்ளே நன் போட்டாலும் சோர்ஸ்ல இருக்கும். முழுசா எடுத்துடுங்க, எடுத்த இடத்துல "ஒரு தொலைபேசி எண் நீக்கப்பட்டது"ன்னு மட்டும் எழுதுங்க. ஒருத்தர் மேல தப்பா ஒரு பழி எழுதிட்டா அதுக்கும் இதே தான், கோடு போட்ட பழி இன்னும் பழி தான்.

லிஸ்ட், டேபிள்ல எப்படி போடறது?

லிஸ்ட் டேக்கான யுஎல், ஓஎல் உள்ள நேரா ஒவ்வொரு வரிக்குமான எல்ஐ டேக் தான் இருக்கலாம், அதனால எல்ஐய சுத்தி இன்ஸ் போடக்கூடாது, எல்ஐக்கு உள்ள போடுங்க. டேபிள்ல ஒரு வரிசையே போயிடுச்சுன்னா வரிசைய சுத்தி டெல் போட முடியாது, அந்த வரிசையில இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் தனித்தனியா போடணும். எரிச்சலான வேலை தான், வேற வழி இல்ல. தப்பா போட்டாலும் பிரவுசர் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னு ஏதோ ஒண்ண காட்டிடும், டேபிள்ல மட்டும் அது அந்த டேக்க தூக்கி டேபிளுக்கு வெளிய வெச்சுடும், அப்புறம் கோடு எங்கயோ இருக்கும் எழுத்து எங்கயோ இருக்கும்.

மேற்கோளுக்கு உள்ள திருத்தலாமா? பழைய கடிதத்துல "பெங்களூர்"னு இருக்கு, இப்ப "பெங்களூரு" தானே?

தொடாதீங்க. பேர் அதிகாரபூர்வமா மாறுனது 2014 நவம்பர் 1, அதுக்கு முன்னாடி எழுதுன கடிதத்துல அன்னைக்கு இருந்த பேர் தான் இருக்கணும். உங்க சொந்த வாசகத்துல எப்படி வேணா எழுதிக்கோங்க. அல்சூர் ஹலசூரு விஷயமும் அப்படித்தான், மெட்ரோ ஸ்டேஷன் போர்டுல ஹலசூரு, நம்ம ஆளுங்க வாயில அல்சூர்.

பிளாக்கோட் உள்ள சுருக்கறது, விளக்கம் சேர்க்கறது ரெண்டும் அனுமதி உண்டு, அந்தந்த மொழி வழக்கப்படி மூணு புள்ளி, சதுர அடைப்புக்குறி. இன்ஸ், டெல் அங்க போட்டா மூலத்த எழுதுனவரே அடிச்சாரா நீங்க அடிச்சீங்களான்னு வாசகருக்கு புரியாது, அதனால நான் மேற்கோளுக்குள்ள அத சேர்க்கறதே இல்ல. யார் சொன்னதுங்கறது பிளாக்கோட்டுக்கு வெளிய வரணும், ஃபிகர் டேக்குக்குள்ள பிளாக்கோட்ட வெச்சு அடியில ஃபிக்கேப்ஷன்ல பேரும் லிங்க்கும் குடுக்கறது பாக்கவும் நல்லா இருக்கும். கியூ டேக் போட்டா மேற்கோள் குறிய பிரவுசரே போட்டுக்கும், நீங்களும் போட்டா ரெண்டு ரெண்டா வரும்.

இங்க பாதி நோட்டீஸ் கன்னடத்துல வருது. அத தமிழ்ல மாத்தி மேற்கோளா போட்டா "தமிழாக்கம் எங்களது"ன்னு கண்டிப்பா எழுதுங்க, மூலத்துக்கு லிங்க் குடுங்க. கன்னட வரியையும் கூட போட்டா அதுக்கு லாங் ஆட்ரிபியூட்ல கன்னடம்னு சொல்லிடுங்க, இல்லன்னா ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரல்லயே அத படிக்கப் பாக்கும்.

டிஃப் டூல்ல போட்டு தானா டெல், இன்ஸ் எடுத்தா தமிழ் எழுத்து உடையுதே, ஏன்?

டிஃப் டூல்னா பழசையும் புதுசையும் ஒப்பிட்டு வித்தியாசம் காட்டுற மென்பொருள். அதுல எழுத்து உடையறது தமிழுக்குன்னே வர்ற தலைவலி. யூனிகோட்ல புள்ளி தனி குறி, கால், கொம்பு, கொக்கி எல்லாம் தனித்தனி குறி. "கலலூரி"ன்னு இருந்தத "கல்லூரி"ன்னு திருத்துனீங்க, டிஃப் டூல் எழுத்து எழுத்தா ஒப்பிட்டு "ஒரு புள்ளி மட்டும் சேர்ந்திருக்கு"ன்னு கண்டுபிடிச்சு அந்தப் புள்ளிய மட்டும் இன்ஸுக்குள்ள வெச்சுடும். புள்ளி எந்த எழுத்து மேலயும் உக்கார முடியாம, வெறும் புள்ளி வட்டத்தோட தனியா தொங்கும். அதனால வார்த்தை அளவுல தான் டிஃப் எடுக்கணும், முழு வார்த்தைய அடிச்சு முழு வார்த்தைய சேர்க்கணும். கையால போடும்போதும் அதே விதி, ஒரு கொம்புக்காக வார்த்தைய நடுவுல வெட்டாதீங்க.

இன்னொரு கூத்து. "கொ"வ ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒகரக் குறிய ஒரே குறியா வைக்கலாம், இல்ல ஒத்தைக் கொம்பும் காலுமா ரெண்டு குறியா வைக்கலாம். திரையில ஒண்ணே தான். ஆனா ரெண்டு பேர் ரெண்டு கீபோர்டுல அடிச்சிருந்தா டூல் பக்கம் முழுக்க மாத்தம்னு கோடு போட்டுத் தள்ளும், நீங்க கண்ண கசக்கிட்டு பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. டிஃப் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சி நார்மலைஸ் (ரெண்டு விதத்தையும் ஒரே விதமா ஆக்கறது) பண்ணிட்டா இது போயிடும். ஆனா "கௌரி"க்கு பதிலா கொம்பு, க, ள னு சேர்த்து "கெளரி"ன்னு அடிச்சிருந்தா, காலுக்கு பதிலா ரகரம் போட்டிருந்தா, அது நிஜமாவே வேற எழுத்து, நார்மலைஸ் பண்ணாலும் மாறாது, தேடித் தேடி கையால தான் திருத்தணும். அப்படி திருத்துனத திருத்தக் குறிப்புல எல்லாம் போட வேணாம், யாருக்கும் புரியாது.

இன்ஸ் அடிக்கோடு லிங்க் மாதிரியே இருக்கு, மக்கள் கிளிக் பண்றாங்க.

அடிக்கோட எடுத்துட்டு லேசா பின்னணி நிறம் குடுங்க, கூடவே நிறம் இல்லாத அடையாளம் ஒண்ணும் வேணும், முன்னாடி ஒரு கூட்டல் குறி, இல்ல இடது ஓரத்துல கோடு. நிறத்த மட்டும் நம்பினா நிறம் பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கும் பிளாக் அண்ட் ஒயிட் பிரின்ட்டுக்கும் ஒண்ணும் தெரியாது. அடிக்கோடு வேணும்னு இருந்தா கொஞ்சம் கீழ தள்ளி வைங்க, நம்ம ழ, ஞ, கூ எல்லாம் கீழ இறங்குறதால கோடு அங்கங்க துண்டு துண்டா நிக்கும். சைட் டேக் டீஃபால்ட்டா சாய்வெழுத்து ஆகும், பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல சாய்வு கிடையாது, பிரவுசர் எழுத்த புடிச்சு தள்ளி சாய்க்கும், பாக்க சகிக்காது. நார்மல்னு மாத்திட்டு மேற்கோள் குறி போட்டுக்கோங்க.

பார்வை இல்லாதவங்க எப்படி தெரிஞ்சுப்பாங்க?

பல ஸ்கிரீன் ரீடர் டீஃபால்ட்டா டெல், இன்ஸ் பத்தி ஒண்ணும் சொல்லாது, ரெண்டையும் வரிசையா படிச்சுட்டு போயிடும், "2008ல் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது". கேக்கறவருக்கு தலை சுத்தும். 2023 ஜூன்ல வந்த ஏரியா 1.2ல (இடத்த சொல்ற ஏரியா இல்ல, ஸ்கிரீன் ரீடர் மாதிரி உதவி சாஃப்ட்வேருக்கான வெப் ஸ்டாண்டர்ட்) டெலிஷன், இன்சர்ஷன்னு ரோல் இருக்கு, டெல்லும் இன்ஸும் போட்டாலே அந்த ரோல் தானா வந்துடும், தனியா அர்த்தம் இல்லாத ஸ்பேன் டேக் போட்டு கோடு வரைஞ்சா வராது. அது இருந்தும் சத்தமா சொல்றது அந்தந்த சாஃப்ட்வேர் கையில. முக்கியமான திருத்தமா இருந்தா கண்ணுக்கு மறைச்ச எழுத்தா "நீக்கியது", "சேர்த்தது"ன்னு உள்ள வைங்க. எல்லா கமாவுக்கும் இத பண்ணா பக்கம் கேக்கவே முடியாது. மேல சொன்ன அடிக்குறிப்பு முறையில இந்தப் பிரச்சனையே பாதி குறைஞ்சிடும்.

வேர்ட்ல டிராக் சேஞ்சஸ் இருக்கு, அப்படியே வெப் பேஜா சேவ் பண்ணலாமா?

பண்ணா டெல், இன்ஸ் தானா வரும், சந்தோஷம். ஆனா சைட் ஆட்ரிபியூட்ல யார் திருத்துனாங்களோ அவங்க பேர மெயில் முகவரி மாதிரி வெச்சுடும், நேரத்தையும் போடும். பக்கத்துல தெரியாது, சோர்ஸ் பாத்தா யார் எந்த வரிய ராத்திரி எத்தன மணிக்கு அடிச்சாங்கன்னு கமிட்டி அரசியலே வெளிய வந்துடும். அத எடுத்துட்டு போடுங்க. கூகுள் டாக்ஸ்ல கோடு போட்டு ஹெச்டிஎம்எல்லா எடுத்தா டெல் வராது, வெறும் ஸ்பேன்ல சிஎஸ்எஸ் கோடு தான்.

ஆதாரமா குடுத்த லிங்க் செத்துப் போச்சுன்னா?

லிங்க் குடுக்கற அன்னைக்கே வெப் பக்கத்தோட நகல சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின் தளத்துல அந்தப் பக்கத்த சேமிச்சு, அந்த முகவரியையும் குறிப்புல போட்டுடுங்க. கூடவே பத்திரிகை பேர், தேதி, தலைப்பு எழுத்தா இருக்கணும், லிங்க் போனாலும் அத வெச்சு நூலகத்துல தேடலாம். குரோம்ல ஒரு வரிக்கே நேரா லிங்க் குடுக்கற வசதி இருக்கு, ஆனா தமிழ் எழுத்து முகவரில போனா ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தா விரியும், "அல்சூர்"ங்கற ஒரு வார்த்தையே 63 எழுத்து. வரி முழுசா குடுக்காம ரெண்டு வார்த்தைய மட்டும் குடுங்க.

தேடல் இயந்திரத்துக்கு திருத்தம் செஞ்சோம்னு சொல்ல முடியுமா?

தேடல் இயந்திரத்துக்குப் புரியற மாதிரி தகவல குறிக்கிற ஸ்கீமா டாட் ஆர்க்ல டேட் மாடிஃபைட் (மாத்துன தேதி) இருக்கு, கரெக்ஷன்னு ஒரு பிராப்பர்ட்டியும், கரெக்ஷன் கமென்ட்னு தனி வகையும் இருக்கு. செய்தி மாதிரி எழுதுறவங்க போடலாம். அபார்ட்மென்ட் பக்கத்துக்கு டேட் மாடிஃபைட் போதும்.

கோடு போட்டது எவ்ளோ நாள் இருக்கணும்?

விழா நோட்டீஸ்னா விழா முடியற வரைக்கும். வரலாறு, விதி மாதிரி நிரந்தர பக்கம்னா கொஞ்ச நாள் கழிச்சு வரிய சுத்தமாக்கிட்டு குறிப்ப மட்டும் அடியில விட்டுடுங்க, குறிப்ப எடுக்காதீங்க. கிட்ல (ஒவ்வொரு மாத்தத்தையும் சேமிக்கிற மென்பொருள்) ஹிஸ்டரி இருக்கேன்னு சிலர் சொல்றாங்க, தமிழ் வகுப்புக்கு புள்ளைய அனுப்பற அம்மா கிட் திறந்து பாக்க மாட்டாங்க.

வாட்ஸ்ஆப் குரூப்ல காப்பி பண்ணி போட்டா கோடு காணோமே?

டேக் அங்க போகாது, பழசும் புதுசும் ஒண்ணா சாதா எழுத்தா விழும், அதுல தான் ஆளுங்க பழைய தேதிக்கு மண்டபத்துக்கு வந்து நிக்கறது. முன்னாடியும் பின்னாடியும் ~ இந்தக் குறி போட்டா வாட்ஸ்ஆப்ல கோடு விழும். அதவிட, குரூப்புக்கு அனுப்பறதுல பழசையே விட்டுட்டு "தேதி மாறிடுச்சு, புதுத் தேதி இது"ன்னு எழுதி பக்கத்தோட லிங்க்க குடுத்துடுங்க.